இடது யானையின் தந்தம்

பை என் பேத்தியுடையது. கல்லூரிச் சுற்றுலாவுக்கு வாங்கி, ஒரே ஒரு முறை மாட்டிவிட்டுப் பரணில் போட்டிருந்தாள். அதை மாட்டிக்கொண்டு ரயிலைவிட்டு இறங்கியபோது முதுகில் யாரோ தொற்றிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. பாப்பாவின் பை இன்னும் பெரியது. அவள் உயரத்துக்கு, பைதான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

பாப்பா என்றதும் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். அறுபத்திரண்டு வயது. என் நாத்தனார். வீட்டில் கடைக்குட்டி என்று பாப்பா ஆனாள், அதற்கப்புறம் யாரும் அதை மாற்றவில்லை. என்னைவிட ஐந்து வயது சின்னவள்.

"பின்பக்க வாசல்ல போலாம் அண்ணி. கோட்டை அந்தப் பக்கம்தான் கிட்ட" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"போன்ல போட்டிருந்தானே."

எல்லாம் போனில் போட்டிருக்கிறது. நான் கேட்டுக்கொள்ளவில்லை. மூட்டு வலியோடு மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டாமே என்று அவள் பின்னாலேயே போனேன்.

விடுதி மூன்றாவது மாடியில். மேலே போகும் படி ஏணி மாதிரி நின்றது. இரண்டு இரும்புக் கட்டில், ஒரு சன்னல், சன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. முதுகில் பை போட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். மேனேஜர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"கூட யாரும் வரலையாம்மா?"

"நாலு தூண் பாக்க எதுக்குங்க நாலு பேர்?" என்றாள் பாப்பா. "அறையில வெந்நீர் வருமா, அதைச் சொல்லுங்க."

வராது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஏன் வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பாப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன். எங்கேயாவது போகணும் என்றால் அதற்கு முன்னாலேயே போய்விட்டு வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் வீட்டுக்காரர் போய் ஒரு வருடம் ஆகிறது. என்னுடையவர் போய் மூன்று. அவள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. ஊர் திரும்பியதும் நேரே என் வீட்டுக்கு வந்துவிட வேண்டியது. பின்னறைக்கு வெள்ளை அடித்து, கட்டிலை சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறேன். இனிமேல் எனக்கு அவள், அவளுக்கு நான். மகன் அழைத்துக்கொண்டேதான் இருக்கிறான். போய் அவன் வீட்டு சோபாவில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்க எனக்கு மனசில்லை.

"சொட்டு மருந்து நான் விடறேன், நீ கவலைப்படாதே" என்று ரயிலில் சொன்னேன். "உங்கம்மாவுக்கே ஒரு மாசம் விட்டவ நான்."

பாப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஸ்டேஷன் போய்க்கொண்டிருந்தது.

இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது நான். அவள், "வேற எங்கயாச்சும் போலாமே அண்ணி, அங்க ஒரே வெயில்" என்று ஒரு வாரம் இழுத்தாள். நான் விடவில்லை. எனக்கு இந்த ஊரோடு ஒரு கணக்கு இருக்கிறது.

எங்களுடையது போட்டோ ஸ்டுடியோ. வீட்டின் முன்னறைதான் கடை. அவர் படம் எடுப்பார். நெகட்டிவில் டச்சப் செய்வது, திரையில் சீனரி வரைவது எல்லாம் என் வேலை. கல்யாணமான புதிதில் எங்கிருந்தோ ஒரு போஸ்ட் கார்டு கிடைத்தது. இந்த ஊர்க் கோட்டை வாசல் படம். வாசலின் இரண்டு பக்கமும் சுவரில் யானை செதுக்கியிருக்கும், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. போஸ்ட் கார்டில் வலது யானைதான் முழுதாகத் தெரிந்தது. இடது யானையை ஒரு மரம் மறைத்திருந்தது. நான் வலது யானையை அப்படியே திருப்பிப் போட்டு இடது பக்கம் வரைந்தேன். எட்டடித் திரை. அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் எங்கள் தெருவில் கிடையாது. தேன்நிலவுக்குப் போனதாகச் சொல்லி அதைக் காட்டிய ஜோடிகளும் உண்டு. அந்த நிஜ வாசலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

குளித்துவிட்டுக் கிளம்பினோம். கோட்டைக்குப் போகும் தெரு குறுகலானது. பித்தளைக் கடை, பழைய புத்தகக் கடை, தையல் மெஷின் ரிப்பேர் கடை. மேலே மின்சாரக் கம்பிகள் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி தொங்கின. முச்சந்தியில் பாப்பா நின்றுவிட்டாள்.

"இங்க ஒரு மணிக்கூண்டு இருக்கணுமே."

டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "அதை இடிச்சு இருபது வருஷம் ஆச்சுங்களே."

"பழைய படத்தைப் போன்ல போட்டு வச்சிருக்கான் போல" என்றாள் பாப்பா. முகம் காதுவரை சிவந்துவிட்டது. வெயில் என்று நினைத்தேன். நான் எப்போதுமே அப்படித்தான். எதிராளிக்கு வேண்டிய காரணத்தை நானே தேடிக் கொடுத்துவிடுவேன்.

"கோட்டைக் கோபுரத்துல இடது பக்கப் படி வழுக்கும். வலது பக்கமா வாங்க" என்றாள் அடுத்தபடி. "அப்புறம் ஏறும்போது நடுவுல ஒரு இடத்துல குனியணும். இல்லேன்னா மண்டை போயிடும்."

டிக்கெட் வரிசையில் முக்கால் மணி நேரம். எங்கள் விடுதியிலேயே தங்கியிருந்த ஓர் உயரமான பெண் எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தனியாக ஊர் சுற்றுகிறவள். ஆசையாகக் கேட்டாள், "நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கையா?"

"அதைவிட மேல" என்றேன். அதை நான்தான் சொன்னேன். என் வாயால்.

வரிசையில் நிற்கிறவளுக்குப் பேச்சுதானே துணை. பாப்பாவிடம் அந்தப் பழைய போட்டோவைப் பற்றி ஆரம்பித்தேன். "உன் கூடத்துல மாட்டியிருக்கியே, நீயும் உங்கம்மாவும், அதுல இருக்கிற இடது யானைத் தந்தம் நான் போட்டது, தெரியுமா? உங்கண்ணன் நெகட்டிவை எங்கயோ உரசிட்டார். தந்தம் இருக்கிற இடத்துல மொட்டையா இருந்துது. ரெண்டு மணி நேரம் உக்காந்து பென்சிலால போட்டேன்."

"பழைய கதையெல்லாம் இப்ப எதுக்கு அண்ணி?" என்றாள்.

அந்தப் போட்டோவுக்கு ஒரு முன்கதை உண்டு. நாற்பத்தொரு வருடத்துக்கு முந்தியது. என் மாமியாருக்குக் கண்ணில் கோளாறு, பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார். துணைக்குப் பாப்பா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்து நாள். நான் வீட்டில். மாமனார் படுத்த படுக்கை, ஒரு பக்கம் கை கால் வராது. புரட்டிப் போடவும் ஊட்டவும் நான்தான். கடையிலோ பரீட்சைக்குப் படம் எடுக்கப் பிள்ளைகள் வாசல்வரை நின்றார்கள்.

நாலாம் நாள் எனக்குத் தந்தி வந்தது. அப்பா கவலைக்கிடம், உடனே வா. பஸ்ஸில் நாலு மணி நேரம்தான் என் பிறந்த ஊர். மாமனாரை யாரிடம் விட்டுப் போவது? பக்கத்து ஃபிரேம் கடைக்காரர் என் வீட்டுக்காரருக்கு நெருங்கிய சிநேகிதர். ஆஸ்பத்திரிக்குத் தந்தி எழுதி அவர் கையில் கொடுத்தேன். "கவலைப்படாதீங்க தங்கச்சி, சேந்துடும்" என்றார். பதில் இல்லை. எட்டாம் நாள் இரண்டாவது தந்தி வந்தது. அப்பா போய்விட்டார். பத்தாம் நாள் இவர்கள் வந்து சேர்ந்தார்கள், மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு. தந்தி வரவே இல்லை என்று என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நான் பிறந்த வீட்டுக்குப் போனபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். நாலு நாளும் அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம். அம்மா அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். என் மேஜையில் அந்த நெகட்டிவ் இருந்தது. கண் ஆபரேஷன் ஆனவளுக்கு விளக்கு வெளிச்சம் ஆகாது என்று திரையைக் கொல்லையில் கட்டி எடுத்தாராம். வெயில் வெளிச்சம் தெரிந்ததற்கு அதுதான் காரணம். மாமியார் கறுப்புக் கண்ணாடியோடு, பாப்பா வாயெல்லாம் பல்லாக. பின்னால் யானை, கொஞ்சம் மங்கலாக. தந்தம் அடிப்பகுதியோடு, கடித்துத் துப்பிய பென்சில் மாதிரி, சரிவாக முடிந்திருந்தது. என் திரையில்தான் முழுத் தந்தம் இருக்கிறதே, அதனால் நெகட்டிவ்தான் உரசிவிட்டது என்று நினைத்தேன். "ஒரு நெகட்டிவை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா?" என்று திட்டினேன். அவர் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். அப்பாவை நினைத்து அழுதுகொண்டே தந்தத்தைப் போட்டேன். நெகட்டிவில் பென்சில் கறுப்பு ஏற ஏற, படத்தில் தந்தம் வெள்ளையாக வரும்.

வரிசை நகர்ந்து உள்ளே போனோம். வாசல் வந்தது. நான் நினைத்ததைவிடப் பெரியது. வலது யானையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என்னவோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி. பக்கத்தில் ஒரு கைடு, கொடி கட்டிய குச்சியோடு இருபது பேருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓசியில் நாமும் கேட்போம் என்று ஒட்டிக்கொண்டேன்.

"இப்ப இடது யானையைப் பாருங்க. தந்தம் இருக்காது. இருநூறு வருஷம் முன்னாடி பீரங்கிக் குண்டு பட்டு உடைஞ்சது. அதுக்கப்புறம் யாரும் ஒட்ட வைக்கலை."

பார்த்தேன். சரிவான முனை. கடித்துத் துப்பிய பென்சில்.

கண் ஏமாறலாம். ஒரு பொருளை இரண்டு மணி நேரம் ஊசிமுனைப் பென்சிலால் சுற்றிச் சுற்றி வரைந்த கை ஏமாறாது. அந்தச் சரிவு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே ஒரு சின்னப் பள்ளம் விழுகிறது எல்லாம் என் விரலுக்குத் தெரியும். உரசல் இல்லை. நெகட்டிவில் ஒரு குறையும் இல்லை. உள்ளதை உள்ளபடி காட்டியிருக்கிறது. நான்தான் அதைத் திருத்தியிருக்கிறேன்.

பாப்பா பத்தடி தள்ளி நிழலில் நின்றுகொண்டிருந்தாள்.

"வெயில்ல நிக்காதீங்க அண்ணி, இப்படி வாங்க."

"அன்னைக்கு நின்ன இடத்துல போய் நில்லு" என்றேன்.

"எந்த அன்னைக்கு?"

"உங்கம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நின்னாளே, அன்னைக்கு."

முகம் வெளுத்தது. "யாரு சொன்னா உங்களுக்கு?"

"யானை சொல்லிச்சு."

அவள் யானையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயே, சுவரோரமாக, பையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு இருபத்தொரு வயசு அண்ணி. கட்டிக்கப் போற வீட்டுல வாசப்படி தாண்ட விடமாட்டாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை ஊர் பாக்கட்டும்னு அம்மாதான்..."

"பாக்கட்டுமே. என்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா நீங்களும் வரேம்பீங்க. அப்பாவை யாரு பாக்கறது, கடையை யாரு பாக்கறது?"

"அப்போ கண் ஆபரேஷன்?"

"ஒண்ணும் இல்லை."

"சொட்டு மருந்து?"

"பன்னீர் அண்ணி. வெறும் பன்னீர்."

"எரியுது எரியுதுன்னு கத்துவாளே!"

"அம்மா நல்லா நடிப்பா."

சிரிப்பு வந்தது. நிஜமாகவே. ஒரு மாதம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, அந்த அம்மாள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இமையை விலக்கி, கை நடுங்காமல் நான் பன்னீர் விட்டிருக்கிறேன். இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் போகட்டும் கழுதை என்று விட்டிருப்பேன். மற்ற இரண்டு பேரும் செத்துப்போனவர்கள், இவள் அன்றைக்குச் சின்னப் பெண். அவள் தப்பிக்க நானே வழியும் எடுத்துக் கொடுத்தேன்.

"ஆஸ்பத்திரியே இல்லேன்னா என் தந்தி எப்படி வரும்? எங்கப்பா கிடந்தது உங்களுக்குத் தெரியாது. ஊருக்கு வந்துதான் தெரியும். இல்லையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் நம்பியிருப்பேன். அவளுக்கு ஏனோ அன்றைக்குப் பார்த்துப் பொய் வரவில்லை.

"பாப்பா?"

"அண்ணன் நடுவுல ஃபிரேம் கடைக்காரருக்குப் போன் போட்டாரு. அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவர் அனுப்பாம வச்சிருந்த உங்க தந்தியைப் படிச்சுக் காட்டினாரு."

"எப்போ?"

"அஞ்சாம் நாள்."

விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியம்கூட இல்லை. அஞ்சாம் நாள் கிளம்பினால் ஆறாம் நாள் வீடு. ஆறாம் நாளே நான் பஸ் ஏறியிருப்பேன். எட்டாம் நாள்வரை அப்பா இருந்தார்.

"அண்ணன் உடனே கிளம்பலாம்னுதான் சொன்னாரு" என்றாள் அவசரமாக. "அம்மாதான் விடலை. கவலைக்கிடம்னு தந்தி அடிச்சவங்கல்லாம் பத்து வருஷம் நல்லா இருக்காங்க, இன்னும் கோட்டையே பாக்கலை, கோபுரம் ஏறலை, இவ்வளவு தூரம் வந்துட்டுன்னு..."

"அந்தப் போட்டோ என்னைக்கு எடுத்தது?"

அவள் பையின் வாரை இழுத்து இறுக்கினாள்.

"வாயைத் திறந்து சொல்லு."

"ஆறாம் நாள் காலைல."

"கோபுரம் ஏறினீங்களா?"

"ஏறினோம்."

"எல்லாருமா?"

"எல்லாருமா."

அந்த நேரம் பார்த்து உயரமான பெண் வந்து நின்றாள். "ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுக்கட்டுமா?"

"எடும்மா" என்றேன். "யானை முழுசா வரணும். இடது பக்கம்."

பாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். "சிரிங்க!" என்றாள் அந்தப் பெண். பாப்பா சிரித்துவிட்டாள். பழக்கம். அதே சிரிப்பு. நாற்பத்தொரு வருடத்தில் பல் இரண்டு குறைந்திருக்கிறது, மற்றபடி ஒன்றும் மாறவில்லை.

விடுதிக்குத் திரும்பி, மத்தியானமே அவள் பையிலிருந்த என் சாமான்களை எடுத்து என் பையில் வைத்தேன். சோப்பு, துண்டு, பிரஷர் மாத்திரை. அவளுடைய கண் மருத்துவச் சீட்டு என்னிடம் இருந்தது, பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். அதை அவள் கட்டிலில் போட்டேன்.

"ஊருக்குப் போய்ப் பேசிக்கலாம் அண்ணி."

"நாளைக்குக் காலை ரயில்ல நீ போ. நான் வரலை."

"இங்க தனியா என்ன பண்ணுவீங்க?"

"அறைக்குப் பணம் கட்டினதுல எனக்கு மூணு நாள் பாக்கி இருக்கு."

அவள் அழுதாள். நான் துணி மடித்தேன். "வீட்டைக் காலி பண்றேன்னு சொல்லிட்டேனே. பன்னெண்டாம் தேதி ஆபரேஷன். உங்களை விட்டா எனக்கு யாரு?"

"எதுக்கு ஆள்? பன்னீர் போதும்ல?"

"என்னுது நிஜப் புரை அண்ணி!"

"உங்கம்மாவுக்கும் நிஜம்னுதான் நான் நெனச்சேன்."

அவள் மருத்துவச் சீட்டை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு சொல்லியிருக்க வேண்டாமோ என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அண்ணன் சொன்னார், அம்மா சொன்னாள், சரி. அம்மா போய் இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அண்ணனும் போய்ச் சேர்ந்தாயிற்று. அதற்கப்புறம் இவள் வாயை யார் கட்டிப்போட்டார்கள்? ஒவ்வொரு வருடமும் அப்பா போன தேதியில் நான் அந்த ஆஸ்பத்திரியைத் திட்டுவேன், தந்தி ஆபீஸைத் திட்டுவேன். இவளும் கூட உட்கார்ந்து திட்டுவாள். "கேடு கெட்டவனுங்க அண்ணி" என்பாள். எனக்குக் காபி ஆற்றிக் கொடுப்பாள்.

மறுநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் போயிருந்தாள். என் கட்டிலில் என் முட்டிக்கு மாட்டுகிற பட்டை மடித்து வைத்திருந்தது. அவள் பையின் அடியில் இருந்ததை நான் மறந்திருக்கிறேன். எடுத்து மாட்டிக்கொண்டேன். கால் என்னுடையதுதானே.

நேரே கோபுரத்துக்குப் போனேன். இருநூற்றுப் பதின்மூன்று படி என்று வாசலில் எழுதியிருந்தது. வலது பக்கமாகவே ஏறினேன். இடது பக்கம் நிஜமாகவே பாசி. நடுவில் ஒரு வாசல் தாழ்வாக வந்தது. அவள் சொன்னது நினைவு வந்து குனிந்தேன். குனிந்த பிறகுதான் என்மேலேயே எரிச்சல் வந்தது.

மூன்று இடத்தில் உட்கார்ந்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். மொட்டைமாடிகள். தண்ணீர்த் தொட்டிகள். காயப் போட்ட துணி. வற்றிப்போன ஒரு குளம், நடுவில் ஒரு மண்டபம். தூரத்தில் ஸ்டேஷன், ஒரு ரயில் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் போகிற ரயிலாக இருக்கலாம். நான்கு பக்கமும் நின்று நிதானமாகப் பார்த்தேன். அவசரப்படவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்த ஒரு மனுஷனைவிடப் பெரிதாக இங்கிருந்து என்ன தெரிகிறது என்று தேடினேன்.

காவலாளி வந்தார். "இறங்குங்கம்மா. அடுத்த கூட்டம் ஏறணும்."

"இவ்வளவுதானா? இல்ல, வேற பக்கம் ஏதாவது இருக்கா?"

"அவ்வளவுதாம்மா" என்றார். "மேல வர்றவங்க எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க."